கை இறுகிப்போச்சு: வரையுற சந்தோஷத்தை மறுபடி எப்படி வரவழைக்கிறது?

வெள்ளைத்தாள்:
ரொம்ப நாள் இடைவெளிக்குப் பிறகு பென்சிலை எடுக்கும்போது வர்ற சிக்கல் இது. உட்கார்ந்து பத்து நிமிஷத்துல கை இறுகிடுது. நீளமா ஓட வேண்டிய கோடு முடிமுடியா பிய்ஞ்சு வருது. ஒரு கண்ணை வரைஞ்சு, அழிச்சு, மறுபடி வரைஞ்சு அந்த இடத்துல தாளே பஞ்சு மாதிரி ஆயிடுது. பார்த்து வரைய ரெஃபரன்ஸ் படம் தேடியே பாதி நேரம் காலி. கையில இருக்கிறது எச்பி பென்சில், ஏ4 ஸ்கெட்ச் புக், தாளோட கனம் 150 ஜிஎஸ்எம், ஸ்பைரல் போட்டது. எதை மாத்தணும், எப்படி மாத்தணும்னு வேலை முறையா சொன்னா உதவியா இருக்கும். இரண்டாவது கேள்வி: பார்த்து வரையுறது ஒருபக்கம் இருக்கட்டும், சொந்தமா ஒண்ணும் தோண மாட்டேங்குதே, அதுக்கு வழி என்ன?

கரிக்கோடு:
முதல் வேலையா அந்த ஸ்கெட்ச் புக்கை அலமாரியில் வைத்துவிடுங்கள். பைண்டு செய்த கெட்டித் தாளில் ஒவ்வொரு பக்கமும் பத்திரமாக இருக்க வேண்டிய பக்கமாகிவிடுகிறது. கெட்டுப்போன பக்கம் அடுத்த பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் கண்ணில் படும். உதிரித் தாளுக்கு மாறுங்கள். ஏ3 அளவு, 80 ஜிஎஸ்எம் போதும், 50 தாளாவது கையில் இருக்கட்டும். எண்ணிக்கை முக்கியம். மூன்று தாள் மட்டும் இருந்தால் மூன்றையும் காப்பாற்றத்தான் மனசு போகும்.

கோடு பிய்வதற்குக் காரணம் உடம்பில் இருக்கிறது, திறமையில் இல்லை. எழுதுகிற பிடியில் பிடித்து விரலை மட்டும் அசைத்தால் ஒரே இழுப்பில் மூன்று நாலு செ.மீ. கோடுதான் வரும். மணிக்கட்டையும் சேர்த்தால் பத்து செ.மீ. பக்கம் போகும், ஆனால் மணிக்கட்டு ஒரு கீல் மாதிரி, அதனால் கோடு வில்லாக வளைந்துவிடும். அந்த வளைவைத் திருத்தப் போய்த்தான் குட்டிக் குட்டிக் கீறலாக ஒட்டுப் போடுகிறோம். நீளக் கோடு முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வர வேண்டும். அதற்குப் பென்சிலை மேலிருந்து கவிழ்த்துப் பிடியுங்கள்: கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் எதிர்ப்பக்கம், பென்சில் உள்ளங்கைக்குக் கீழே படுத்திருக்கும். தாளைத் தொடுவது சுண்டுவிரல் நகம் மட்டும். இந்தப் பிடியில் விரலை நுணுக்கமாக அசைக்கவே முடியாது, தோள் தானாக வேலைக்கு வரும்.

எச்பியை விட்டுவிட்டு அதைவிட மென்மையான 4பி அல்லது 6பி எடுங்கள். 1795இல் நிக்கோலா ஜாக் கோன்டே காப்புரிமை வாங்கிய முறைதான் இன்றைக்கும் பென்சிலுக்கு அடிப்படை: கிராஃபைட் தூளோடு களிமண் கலந்து சுடுவது. களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை. எச்பியில் கருமை வர அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தினால் விரல் இறுகும், விரல் இறுகினால் தோள் நின்றுவிடும். 6பி சும்மா தொட்டாலே கறுக்கும்.

சீவுவதும் வேறு மாதிரி. ஷார்ப்பனரில் குட்டை முனைதான் வரும். கட்டரால் மரத்தை 2.5 செ.மீ. நீளத்துக்குச் சரிவாகச் சீவி, கிராஃபைட் 1 செ.மீ. வெளியே தெரியும்படி விடுங்கள். பக்கவாட்டில் படுக்க வைத்தால் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் பட்டை, நிமிர்த்தினால் கூர்மையான கோடு. சீவும்போது உள்ளே துண்டு துண்டாக உடைந்து வந்தால் பென்சில் எங்கேயோ கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள்.

தாளை ஒரு பலகையில் வைத்து, பலகையைச் சாய்த்து வையுங்கள். மேசையில் படுக்க வைத்த ஏ3 தாளின் மேல்பாதி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும். அதை ஈடுகட்டி மேல்பக்கத்தை நம்மையறியாமல் நீட்டி வரைவோம். நிமிர்த்திப் பார்த்தால் தலை நீண்டு நிற்கும், நமக்கு வரையத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். பலகையின் அடிவிளிம்பு மடியில், நடுப்பகுதி மேசை விளிம்பில் சாய்ந்தால் போதும். தாளுக்கு அடியில் இன்னும் நாலைந்து தாள் போடுங்கள், இல்லாவிட்டால் பலகையின் மரவரி கோட்டில் ஏறும்.

வெள்ளைத்தாள்:
பிடி மாத்தினா கோடு நீளமா வருது, ஆனா நினைச்ச இடத்துல போய் நிக்கல. இது சரியாகுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

கரிக்கோடு:
20 நிமிடம். அதற்கு மேல் போக ஆசையாக இருந்தாலும் முதல் இரண்டு வாரம் நிறுத்திவிடுங்கள். ஆசை மிச்சமிருக்கும்போது எழுந்தால் மறுநாள் தானாக வந்து உட்காருவீர்கள்.

முதல் மூன்று நிமிடம் தாளின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை கோடுகள், பிறகு தட்டு அளவுக்கு வட்டங்கள், ஒரே வட்டத்தின் மேல் ஐந்தாறு சுற்று. கோடு போடும்போது பென்சில் முனையைப் பார்க்காதீர்கள். கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள், கை அங்கே வரும். அடுத்து ஒரே பொருளை ஒரு நிமிடம் வீதம் பத்துத் தடவை. ஒரு கத்தரிக்கோல், ஒரு செருப்பு, எதுவானாலும். ஒவ்வொரு தடவையும் பொருளைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். நிமிடம் முடிந்ததும் பாதியில் இருந்தாலும் தாளின் அடுத்த மூலைக்குப் போய்விட வேண்டும். முதல் மூன்று படத்தில் விளிம்பை மட்டும் துரத்துவீர்கள், நேரம் போதாது. நாலாவதிலிருந்து கண் பெரிய சாய்வுகளைப் பிடிக்கத் தொடங்கும்: கத்தரியின் இரண்டு அலகும் எந்தக் கோணத்தில் விரிகின்றன, பிடி எவ்வளவு கனம். மிச்சமிருக்கும் ஐந்தாறு நிமிடத்துக்கு எந்தக் கட்டளையும் இல்லை. நினைத்ததைக் கிறுக்கலாம்.

அழிக்கக் கூடாது. ரப்பர் வேறு அறையில் இருக்கட்டும்.

சாய்கோடு:
கரிக்கோடு அண்ணா சொன்னதுல கடைசி வரியை மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன். ரப்பர் மேல தப்பில்லை, திருத்துறதுக்கு மட்டும் அதை வச்சிருக்கிறோமே அதுதான் தப்பு. ரப்பராலயே வரையலாம். கைக்கு அவ்வளவு சுகமான வேலை வேற இல்லைன்னே சொல்வேன்.

வில்லோ மரச் சுள்ளியை எரிச்சுச் செஞ்ச கரிக்குச்சி வேணும். அழுத்திச் செஞ்ச கம்ப்ரெஸ்டு கரி வேண்டாம், அதுல பசை கலந்திருக்கும், ஒருமுறை ஏறினா முழுசா இறங்காது. வில்லோ கரி வெறும் எரிச்ச சுள்ளிதான், ஊதினாலே பாதி போயிடும். பென்சில் அளவு தடிமன் உள்ள குச்சியை 4 செ.மீ. துண்டா உடைச்சு, படுக்க வச்சு, ஏ3 தாள் முழுக்கத் தேயுங்க. தாள் கொஞ்சம் சொரசொரப்பா 120 ஜிஎஸ்எம் பக்கம் இருக்கணும். வழவழப்பான தாள்ல கரி ஒட்டாம வழுக்கும். கரி ஏறும்போது கவனிச்சுப் பாருங்க: தாளோட மேடுகள்ல மட்டும் கறுப்பு உட்காரும், பள்ளமெல்லாம் வெள்ளைப் பொட்டா தெரியும். அதுக்கு மேல ஒரு பழைய துணியால வட்டமா தடவினா அந்தப் பொட்டெல்லாம் அடைஞ்சு தாள் முழுக்க மழைக்கு முந்தின வானம் மாதிரி ஒரே சாம்பல் ஆகும்.

இப்போ பிசையுற ரப்பரை எடுத்து நுனியை உருட்டி, வெளிச்சம் விழுற இடத்துல ஒத்தி ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க, தேய்ச்சா கரி உள்ள இறங்கி அழுக்காயிடும். ஒரு கண்ணாடி டம்ளர்னா விளிம்புல ஒரு ஒத்து, அடியில ஒரு ஒத்து, பக்கத்துல நீளமா ஒரு இழுப்பு. மூணு வெளுப்புல டம்ளர் வந்து நிக்கும். அதுக்கப்புறம் ஆழமான நிழலுக்கு மட்டும் மறுபடி கரி. ரப்பர் கறுத்தா இழுத்து மடிச்சு உள்பக்கத்தை வெளியே கொண்டு வாங்க. எங்க மடிச்சாலும் கறுப்பாவே இருந்தா அதோட ஆயுசு முடிஞ்சது.

தப்புங்கிற பேச்சுக்கே இதுல இடமில்லை. பிடிக்கலையா, துணியால ஒரு தடவு, மறுபடி சாம்பல். வெள்ளைத் தாள் பயம் இருக்கிறவங்களுக்கு இது பெரிய விடுதலை, ஏன்னா தாள் முதல்லயே வெள்ளையா இல்லை.

கரிக்கோடு:
ஒப்புக்கொள்கிறேன். பென்சிலோடு ரப்பர் வேண்டாம், கரியோடு ரப்பர் வேண்டும் என்று திருத்திக்கொள்ளலாம். பென்சிலில் அழுத்திய கோடு தாளில் பள்ளம் பறித்துவிடும். கிராஃபைட்டை எடுத்தாலும் பள்ளம் அப்படியே இருக்கும், மேலே ஷேடிங் போட்டால் வெள்ளைக் கோடாக எட்டிப் பார்க்கும். தேய்த்த இடத்தில் நார் எழும்பி, அடுத்த பூச்சு திட்டுத்திட்டாக ஏறும். முதல் பதிவில் சொன்ன பஞ்சு அதுதான்.

மைத்துளி:
பார்க்காமல் வரையும் விளிம்புக்கோட்டை யாரும் இன்னும் சொல்லவில்லை. கை இறுக்கத்துக்கு அதுவே முதல் மருந்து.

இடது கையை (இடக்கையர் என்றால் வலது கையை) விரல் பாதி மடித்து மேசையில் வையுங்கள். பேனாவைத் தாளில் ஊன்றுங்கள். பென்சில் வேண்டாம், 0.5 ஃபைன்லைனர், அதாவது மெல்லிய முனைப் பேனா போதும். கண்ணை மணிக்கட்டின் ஓரத்தில் நிறுத்துங்கள். எறும்பு ஊர்கிற வேகத்தில் கண் அந்த ஓரத்தில் நகர வேண்டும், அதே வேகத்தில் பேனா நகர வேண்டும். கண் நின்றால் பேனா நிற்கும். தாளைப் பார்க்கக் கூடாது, பேனாவைத் தூக்கக் கூடாது. கட்டைவிரல் கணுவில் வெளிக்கோடு உள்ளே மடிந்து ஒரு சுருக்கமாகப் போகும். அந்தச் சுருக்கத்தோடு உள்ளே போங்கள், அது எங்கே தேய்ந்து மறைகிறதோ அங்கிருந்து அதே வழியில் திரும்பி வெளிக்கோட்டுக்கு வாருங்கள். நகத்தின் ஓரத்தில் தோல் ஒரு மெல்லிய திரையாக ஏறியிருக்கும், அதையும் விடாதீர்கள். ஒரு கைக்கு ஐந்து நிமிடம் ஆக வேண்டும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டால் நீங்கள் பார்க்கவில்லை, ஞாபகத்திலிருந்து வரைந்துவிட்டீர்கள்.

வழக்கமாகத் தவறுவது இரண்டு இடத்தில். எட்டிப் பார்க்கும் ஆசை ஒன்று: 20 செ.மீ. சதுர அட்டையின் நடுவில் துளையிட்டுப் பேனாவை அதில் செருகிக்கொண்டால் கையும் தாளும் மறைந்துவிடும். வேகம் இன்னொன்று: பாதி வழியில் சலிப்பு தட்டும், கண் தாவும். தாவியது தெரிந்ததும் பேனாவை நிறுத்தி, விட்ட இடத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து தொடருங்கள்.

வெள்ளைத்தாள்:
விரல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, கோடு ஆரம்பிச்ச இடத்துக்கு வந்து சேரவே இல்லை. அப்படியே விடலாமா? இதுல லாபம் என்ன?

மைத்துளி:
அப்படியேதான் விட வேண்டும். வரைந்த கையின் மற்ற பகுதியை மூடிவைத்து, ஒரே ஒரு கணுவை மட்டும் பாருங்கள். அந்த இடத்துக் கோட்டில் தயக்கம், திருப்பம், அழுத்தம் எல்லாம் இருக்கும். தாளைப் பார்த்து வரைந்த கையில் அந்தக் கோடு வழவழவென்று வாழைப்பழம் மாதிரி இருக்கும். நமக்குள் 'விரல்' என்றதும் ஒரு அச்சு இருக்கிறது. தாளைப் பார்த்த மாத்திரத்தில் அந்த அச்சு வந்து உட்கார்ந்துவிடும், அந்த அச்சோடு ஒப்பிட்டே படம் சரியில்லை என்று தோன்றும். தாளைப் பார்க்காவிட்டால் ஒப்பிட ஒன்றுமில்லை, பார்ப்பது மட்டும் மிஞ்சுகிறது. வாரத்தில் மூன்று தடவை போதும். இரண்டாவது வாரத்திலிருந்து, கோடு ஒரு முனையைத் தொடும்போது மட்டும் ஒரு விநாடி தாளைப் பார்த்து அடுத்த கோட்டின் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

நிழல்பக்கம்:
எல்லாரும் கையைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். வரைந்த பிறகு தாளை என்ன செய்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம்.

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973இல் வெளியிட்ட ஒரு ஆய்வு வரைவதைப் பற்றியே அமைந்தது. நர்சரிப் பள்ளியில், தாமாகவே மார்க்கர் எடுத்து ஆசையாக வரைகிற குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. பிறகு மார்க்கரை வகுப்பில் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். முன்னாலேயே பரிசு சொல்லப்பட்ட குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்ற இரு குழுக்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது: பாராட்டு ஆசையைக் கொல்லவில்லை. பாராட்டுக்காக என்று ஆரம்பத்திலேயே முடிவானதுதான் கொன்றது. சிறு குழந்தைகளிடம் செய்த ஆய்வு என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் பெரியவர்களின் வேலை முறைக்கு இதிலிருந்து ஒரு ஏற்பாடு எடுக்கலாம். உட்காரும் முன்பே இன்றைய தாளைப் படமெடுப்பதில்லை என்று தீர்மானித்து, போனை வேறு இடத்தில் வையுங்கள். அதனால் ரெஃபரன்ஸ் தேடும் தொல்லையும் போகிறது. முடித்ததும் தாளின் பின்பக்கம் தேதி மட்டும் எழுதி, கவிழ்த்து ஒரு அட்டைப் பெட்டியில் போடுங்கள். 30 தாள் சேரும்வரை திரும்பிப் பார்க்க வேண்டாம். பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, நின்றபடி பாருங்கள். கோணல் எது என்று தேடாமல், கண் எந்தத் தாளில் தானாகப் போய் நிற்கிறது என்று பார்த்து மூன்றை எடுங்கள். அந்த மூன்றில் பொதுவாக என்ன இருக்கிறது? அடர்ந்த நிழலா, ஒற்றைக் கோடா, செடியா, மனிதர்களா? அடுத்த 30 தாளுக்குத் திசை அதுதான். அந்த மூன்றை யாருக்காவது காட்டினால் தவறில்லை.

பிக்சல்புள்ளி:
டேப்லெட்ல வரையுறவங்களுக்கும் இதே சிக்கல்தான், பேர் மட்டும் வேற. பிய்ஞ்ச கோட்டுக்குப் பதிலா ஒரே கோட்டை இருபது தடவை அன்டூ பண்றது, அதாவது போட்டதை ரத்து பண்ணி மறுபடி போடுறது. செய்ய வேண்டியது: ஒரே லேயர். 2480 × 3508 பிக்சல் கேன்வாஸ், அதாவது 300 டிபிஐல ஏ4. அது திரைக்குள்ள முழுசா தெரியுற அளவுல நிறுத்தி, ஜூம் பண்ணாம வரையுங்க. ஜூம் பண்ணிட்டா ஒரு கண்ணிமை திரை அளவுக்கு வந்துடும், அதுலயே ஒரு மணி நேரம் போயிடும். ஒரே பிரஷ், ஒரே நிறம். செட்டிங்ஸ்ல அன்டூ சைகையை நிறுத்த முடிஞ்சா நிறுத்துங்க. கை நடுக்கத்தைச் சமன் பண்ற ஸ்டெபிலைசர் அதிகமா இருந்தா கோடு கைக்குப் பின்னால இழுபட்டு வரும், கையோட குணம் எல்லாம் மழுங்கிடும், அதனால பூஜ்யத்துக்குப் பக்கத்துல வைங்க. கண்ணாடி வழுக்கினா மேட் ஃபிலிம் ஒட்டலாம், ஆனா பேனா நிப் சீக்கிரம் தேயும். கேன்வாஸை இடவலமா புரட்டிப் பார்க்கிறது கோணல் கண்டுபிடிக்கிற கருவி. வரையும்போது தொடாதீங்க, கடைசியில ஒரு தடவை போதும்.

சாய்கோடு:
இரண்டாவது கேள்வி அப்படியே நிக்குதே, சொந்தமா ஒண்ணும் தோணலைங்கிறது. வெறுந்தாளைப் பார்த்து யோசிச்சா யாருக்கும் தோணாது. தாள்ல ஏதாவது கிடக்கணும், கண் அதைப் பிடிச்சு மேல ஏறும்.

18ஆம் நூற்றாண்டுல அலெக்சாண்டர் கோசன்ஸ்னு இங்கிலாந்து ஓவியர் இதையே பாடமா நடத்தினார். மையைத் தூரிகையால தாள்ல திட்டுத்திட்டா போடச் சொல்லி, அதுக்கு மேல ஒளி ஊடுருவுற தாளை வச்சு, திட்டுக்குள்ள தெரியுற மலை, மரம், பாறையை எடுத்து வரையுற முறை. இன்னைக்கும் அப்படியே செய்யலாம். ஒரு பங்கு மை, மூணு பங்கு தண்ணி. 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத தாள், இல்லைன்னா அலை அலையா நெளியும். இரண்டு விரல் அகலத் தூரிகை. இரண்டு நிமிஷத்துக்குள்ள, எதையும் நினைக்காம, பெரிய திட்டு ரெண்டு, சின்னது நாலைஞ்சு. தாள்ல மூணுல ஒரு பங்கு வெள்ளையாவே இருக்கட்டும். மூடிட்டா உள்ள தேட ஒண்ணும் இருக்காது. முழுசா காயணும். ஈரத்துல டிரேசிங் பேப்பர் வச்சா ஒட்டிக்கும்.

பிறகு நாலு பக்கமும் திருப்பிப் பாருங்க. முதல்ல கண்ணுக்குப் படுறது பெரும்பாலும் முகம்தான், மனுஷ மூளை எதுலயும் முகத்தைத் தேடும். அதை எடுக்காதீங்க, அது எல்லாருக்கும் தெரியுற முகம். ஒரு அட்டையில 5 × 7 செ.மீ. ஜன்னல் வெட்டி, அதைத் திட்டு மேல நகர்த்துங்க. சின்ன வெட்டுல பார்த்தா திட்டோட விளிம்பே ஒரு கரையா, ஒரு கூரையா தெரிய ஆரம்பிக்கும். கிடைச்சதும் டிரேசிங் பேப்பர்ல இருபது கோட்டுக்குள்ள எடுத்து முடிங்க. இருபதைத் தாண்டினா விளக்கம் எழுதுற மாதிரி ஆயிடும்.

கூட ஒரு ஆள் இருந்தா, பாரிஸ்ல சர்ரியலிஸ்டுகள், அதாவது கனவையும் தற்செயலையும் நம்பிப் படைச்ச கலைஞர்கள், 1925 வாக்கில் ஆடின மடிப்பு விளையாட்டு இருக்கு. தாளை மூணா மடிச்சு, ஒருத்தர் மேல்பகுதியை வரைஞ்சு, கோட்டு நுனியை மட்டும் மடிப்பைத் தாண்டி அரை செ.மீ. விட்டு, மறைச்சு அடுத்தவர்கிட்ட தரணும். தனியாவும் செய்யலாம், ஒவ்வொரு பகுதிக்கும் நடுவுல இரண்டு நாள் இடைவெளி விட்டா என்ன வரைஞ்சோம்கிறது பாதி மறந்திருக்கும்.

நிழல்பக்கம்:
ஏற்கெனவே கை பழகியவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு: எதை வரைந்தாலும் அதே மூக்கு, அதே இலை. அவர்களுக்கு நீளக் குச்சி. பிரெஞ்சு ஓவியர் அன்றி மத்தீஸ் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பார்ன்ஸ் ஃபவுண்டேஷனுக்கான 'நடனம்' சுவரோவியத்தை வகுக்கும்போது நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரி கட்டி நின்றபடி வரைந்தார். வீட்டில் 70 செ.மீ. குச்சி போதும். நுனியில் கரித்துண்டை 3 செ.மீ. நீட்டி டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். லூசாக இருந்தால் அழுத்தியதும் திரும்பிக்கொள்ளும். இரண்டு ஏ3 தாளை ஒட்டிச் சுவரில் மாஸ்கிங் டேப்பால் நாலு மூலையும் பிடித்து, குச்சி நீளத்துக்குத் தள்ளி நில்லுங்கள். விரலுக்குத் தெரிந்த பழைய மூக்கு இங்கே பலிக்காது, ஒவ்வொரு கோட்டையும் புதிதாகத்தான் போட வேண்டும். தூரத்தில் நிற்பதால் முழுப் படமும் எப்போதும் கண்ணில் இருக்கும்.

வெள்ளைத்தாள்:
பெர்ஸ்பெக்டிவ் (தாள்ல தூரம், ஆழம் காட்டுற முறை), உடற்கூறு இதெல்லாம் விட்டுடணுமா?

கரிக்கோடு:
விட வேண்டாம், வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். அது பயிற்சி. அங்கே சரி, தப்பு உண்டு, ரப்பரும் ஸ்கேலும் உண்டு. ஒரே உட்காரலில் இரண்டையும் கலந்தால் பயிற்சியின் அளவுகோல் விளையாட்டுக்குள் வந்துவிடும். வாரத்தில் ஐந்து நாள் மேலே சொன்ன 20 நிமிடம், ஒருநாள் அரை மணி பெட்டியும் உருளையும் வரைந்து பழகுங்கள்.

வெள்ளைத்தாள்:
சரிங்க. கரிப் படம் அந்த அட்டைப் பெட்டிக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காதா? அப்புறம் நாளைக்கு முதல் தாளுக்கு எந்தப் பொருளை வைக்கட்டும்?

சாய்கோடு:
கரி உதிராம பிடிச்சு வைக்கிற ஃபிக்ஸட்டிவ் ஸ்ப்ரேயை 30 செ.மீ. தள்ளிப் பிடிச்சு, மெல்லிசா இரண்டு தடவை, நடுவுல காய விட்டு அடிங்க. ஜன்னல் திறந்திருக்கணும். கிட்டப் பிடிச்சு அடிச்சா ஈரம் கோத்து கரி ஓடிடும், வெளுப்பும் கொஞ்சம் மங்கும். அடிக்க விருப்பமில்லைன்னா தாளுக்குத் தாள் நடுவுல டிரேசிங் பேப்பர் வைங்க, உரசாம இருந்தா போதும்.

முதல் பொருளுக்கு ஒரு காகிதப் பையைக் கசக்கி, பாதி பிரிச்சு வைங்க. கசங்கின காகிதத்துக்கு மனசுல எந்த அச்சும் கிடையாது, அதனால இது அது மாதிரி இல்லையேன்னு யாராலயும் சொல்ல முடியாது. விளக்கை ஒரே பக்கத்துல, தாழ்வா வைங்க. ஒவ்வொரு மடிப்புலயும் ஒரு முகம் வெளுத்து, அடுத்த முகம் கறுத்துத் தெரியும். 6பியைப் படுக்க வச்சு, கறுத்த முகங்களை மட்டும் போட ஆரம்பிங்க.